கறுப்பு வண்டியின் பூர்வீகம்

டமார்… என்று பின்பக்கம் வெடித்தபோது கருங்கல் ஜங்ஷனில் நின்றவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் தலையைத் திருப்பினார்கள், மீன் கூடையை இறக்கிக்கொண்டிருந்த பெண் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள், ஷிபு மட்டும் அசையவில்லை. வெடித்தது டயரில்லை, சைலன்சர், பெட்ரோல் கூடுதலாக இறங்கி எரியாமல் போய்க் குழாயில் பற்றியிருக்கிறது, கார்புரேட்டரைக் கொஞ்சம் இறுக்கியிருக்க வேண்டும், காலையில் இறுக்கலாம் என்றுதான் இருந்தான், ரெஜிஷா சிட்அவுட்டில் வந்து நின்று பேசாமல் பார்த்துக்கொண்டிருந்ததில் மறந்துபோனது. பேசாமல் பார்க்கிற மனைவியிடம் என்னத்தைச் சொல்வது? கொளச்சல் வரைக்கும் போய்விட்டு வருகிறேன் என்றான், அவள் தலையை மட்டும் ஆட்டினாள். டீக்கடை வாசலில் நின்ற ஒருவர், "என்ன ஓய், திருவிழாவுக்கு இன்னும் நாள் கெடக்கே, இப்பமே வெடி போடுதீரா?" என்று கேட்டார், சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள், ஷிபுவும் சிரித்து வைத்தான். இந்த வண்டியைப் பார்த்து யாராவது சிரித்தால் நல்லதுதான், சிரிக்கட்டும், சிலுவை போட்டுக்கொள்ளாமல் இருந்தால் போதும்… அந்த மீன்காரம்மா சத்தத்துக்குப் பயந்து போட்டாளா, இல்லை, வண்டியைப் பார்த்துப் போட்டாளா?

அப்படிப் பார்க்க என்ன இருக்கிறது இதில், கறுப்பாக இருக்கிறது என்பதைத் தவிர? ஐம்பதுகளில் வந்த லேண்ட்மாஸ்டர் கார், கூரையை எவனோ ஒரு கெட்டிக்காரன் தைரியமாக அறுத்து எடுத்திருக்கிறான், முன்சக்கரங்களுக்கு மட்கார்டு கிடையாது, பானெட்டுக்குப் பக்கத் தகடு கிடையாது, எஞ்சின் அப்படியே வெளியே தெரிகிறது, அதுவும் இந்த வண்டியோடு பிறந்த எஞ்சின் இல்லை, ஏதோ பழைய ஸ்டேஷன் வேகனுடையது, ஆறு சிலிண்டர், பின்னால் லாரிக்குப் போடுகிற மாதிரி அகலமான டயர். மஸ்கட்டில் இதற்கு ஹாட் ராட் என்று பேர், வேகத்துக்காகவே அறுத்து ஒட்டின பழைய வண்டி. அங்கே அவன் வேலை பார்த்த கராஜில் இப்படி நாலைந்து நின்றன, எல்லாம் பணக்கார வீட்டுப் பிள்ளைகளுடையவை, துடைப்பதும் பிரிப்பதும் பூட்டுவதும் ஷிபு, ஓட்டிப் பறப்பது அவர்கள். பாலைவன ரோட்டில் சோதனை ஓட்டம் போகும்போது மட்டும் கொஞ்ச நேரம் அவனுடையது போல இருக்கும். அப்போதெல்லாம் பக்கத்து சீட்டில் பெபிஷா உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்வான், முதலில் ஆறு வயது பெபிஷா, பிறகு பத்து வயது, பிறகு பள்ளிச் சீருடையில் இரட்டைப் பின்னலோடு. போட்டோவில் எப்படி இருக்கிறாளோ அப்படித்தான் பக்கத்திலும் வருவாள், போட்டோ வர தாமதமானால் அவளும் வளராமல் அதே வயதில் உட்கார்ந்திருப்பாள். இப்போது அவளுக்குக் கல்யாணம். அடுத்த வாரம் இந்நேரம் அவளைப் பின்னால் உட்கார வைத்து, குழித்துறை வீட்டிலிருந்து மாதா கோயில் வாசல் வரைக்கும் அவன் ஓட்டிக்கொண்டு போக வேண்டும், அதற்குத்தான் இந்த வண்டி. பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவிட்டதில்லை, பரீட்சைக்குக் கொண்டுவிட்டதில்லை, காய்ச்சலில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியதில்லை. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை அப்பன் கொண்டுபோய் விட்டான் என்று இருக்கட்டும். ஒரு மனிதன் இதைக்கூட ஆசைப்படக் கூடாதா?

ஆனால் அந்தத் தண்டவாளம்… அதைக் காட்டியது அவனேதான், அதுதான் கடுப்பு. வண்டி வந்து இறங்கிய அன்றைக்கு அக்கம்பக்கத்துப் பெண்கள் எல்லாம் வந்துவிட்டார்கள், ரெஜிஷாவின் அண்ணன் ததேயுஸ் வந்திருந்தான், பெபிஷா போனை நீட்டிப் படம் பிடித்துக்கொண்டிருந்தாள். ஷிபுவுக்கு ஒரே பெருமை, எஞ்சினைக் காட்டினான், கியரைக் காட்டினான், பிறகு பின்பக்கத்து ரப்பர் மேட்டைத் தூக்கி, இதைப் பாருங்க, எப்படி வெல்டு வச்சிருக்கான் பாருங்க என்று தரையைக் காட்டினான். தரையில் நீளவாக்கில் இரண்டு இரும்புத் தண்டவாளம், நடுவே உருளை. சட்டென்று பெண்கள் எல்லோரும் ஓரடி பின்னால் நகர்ந்தார்கள், பெபிஷா போனைத் தாழ்த்தினாள். இந்தப் பக்கத்தில் கோயிலுக்குக் கோயில் ஒரு சவ வண்டி உண்டு, பெட்டியை உள்ளே தள்ளுவதற்கு இதே போல இரண்டு தண்டவாளமும் உருளையும் அதில் உண்டு, பார்க்காதவர்கள் கிடையாது. அவனுக்கு மட்டும் ஏன் தோன்றவில்லை? வருஷக்கணக்காக ஊரில் சாவுக்கு வந்திருந்தால்தானே தோன்றும், அவனுடைய அம்மா செத்ததற்கே போனில்தான் அழுதான். சாயங்காலம் ரெஜிஷா வந்து, "சவம் ஏத்துன வண்டியில எனக்க மோள் கோயிலுக்குப் போவாண்டாம்," என்றாள். யார் சொன்னது என்று கேட்டான். யார் சொன்னால் என்ன, இருக்கிறதைத்தானே சொன்னார்கள் என்றாள். அப்படியானால் எந்த வண்டியில் போவதாம்? அண்ணனின் வெள்ளை வண்டி இருக்கிறதே, அவனே ஓட்டுவான், நீங்கள் பின்னால் மகளோடு உட்கார்ந்து வாருங்கள், அதுதானே மரியாதை… பின்னால் உட்கார்ந்து! மச்சான் ஓட்ட, அப்பன் விருந்தாளி போலப் பின்னால்!

ததேயுஸ்தான், வேறு யார்? கோயில் சவ வண்டிக்கு டிரைவர் வராத நாளில் சாவியை வாங்கி ஓட்டுகிறவன் அவன், யார் வீட்டில் இறப்பு என்றாலும் முதல் ஆளாக நிற்கிறவன், அவனுக்குத் தெரியாத தண்டவாளமா? நல்லவன்தான், இல்லை என்று யார் சொன்னது, ஷிபு அனுப்பிய பணமெல்லாம் ஒழுங்காக வீடாயிற்று, மதிலாயிற்று, பெபிஷா நர்சிங் முடித்தாள், எல்லாவற்றுக்கும் ஓடியது அவன். அதற்காக? நன்றி வேறு, இது வேறு. முதல் நற்கருணை எடுத்த அன்றைய போட்டோவை ரெஜிஷா அனுப்பினாளே, வெள்ளை கவுனும் மெழுகுதிரியுமாக பெபிஷா, ஒரு பக்கம் ரெஜிஷா, மறுபக்கம் ததேயுஸ், தெரியாதவன் பார்த்தால் அப்பா அம்மா பிள்ளை என்றுதான் சொல்லுவான். அதைக் கராஜில் சக வேலைக்காரனிடம் காட்டியபோது, உன் முகச்சாயல் இல்லையே, அந்த ஆளைப் போலத்தான் இருக்கிறாள் என்றான், விளையாட்டுக்குச் சொன்னான், ஷிபு ஒரு வாரம் அவனோடு பேசவில்லை… இப்போது கல்யாணத்திலும் அவனே ஓட்ட வேண்டுமாம். சவ வண்டி என்று ஒரு வார்த்தையைக் கிளப்பிவிட்டால் போதும், வண்டி தானாக ஓரமாக நின்றுவிடும், நல்ல யோசனை மச்சான், நல்ல யோசனை!

பாலப்பள்ளம் தாண்டியதும் காற்றில் உப்பு வந்துவிட்டது. முன்னால் போன பஸ்ஸின் கடைசி சீட்டில் இருந்த பெண்கள் எல்லாம் திரும்பி வண்டியைப் படம் பிடித்தார்கள், கை காட்டினார்கள், ஷிபு மெல்ல பின்தங்கினான். எப்படியும் இன்றைக்குத் தெரிந்துவிடும். ஒரு மனுஷனுக்குப் பெண் கொடுப்பதென்றால் தாத்தன் பூட்டன் வரைக்கும் பூர்வீகம் விசாரிக்கிறார்கள், வண்டிக்கு விசாரித்தால் என்ன? அப்படித்தான் இரண்டு நாளைக்கு முன்பு முதலில் ஆரல்வாய்மொழிக்குப் போனான், வண்டியை விற்ற புரோக்கர் தேவகுமாரின் ஷெட்டுக்கு. காற்றாலைகள் சுற்றுகிற சத்தத்தில் அந்த ஆளிடம் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது, சவம் ஏத்தின வண்டியா என்று கத்திக் கேட்டால் என்ன பதில் வரும்? "அண்ணாச்சி, வண்டியில யாரு ஏறினா என்ன, எறங்கினா என்ன, ஓடுதா இல்லியா?" என்றான். கடைசியில் திருவட்டாறில் ஜெபசீலன் என்று ஒரு ரப்பர் தோட்டக்காரரைக் கைகாட்டினான். ஜெபசீலன் மரியாதையான மனிதர், உட்காரச் சொல்லிப் பால் விடாத கட்டன் சாயா கொடுத்தார், கறுப்புப் பெயின்ட் அடித்தது தாம்தான் என்றும், ரப்பர் ஷீட் உலர்த்துகிற புகைப்புரையில் வைத்திருந்ததால் எப்படியும் கறுத்துத்தான் போயிருக்கும் என்றும் சொன்னார். ஷீட் கட்டுகளை அந்தத் தண்டவாளத்தில் வைத்துத் தள்ளினால் உள்ளே சுலபமாகப் போகுமாம். "நம்ம கையில வந்தப்பெறவு ரப்பர் ஷீட்டு தவிர ஒண்ணும் ஏறல்ல. அதுக்கு முன்ன என்ன ஏறிச்சுன்னு கர்த்தருக்குத்தான் தெரியும்," என்று சிரித்தார். ஷிபுவுக்குச் சிரிப்பு வரவில்லை. வண்டிக்குள் இருந்த புகைநாற்றம் ரப்பர்ப் புகை என்றாவது தெரிந்ததே என்றிருந்தது, அதுவரை அதைச் சாம்பிராணி என்று நினைத்துக்கொண்டிருந்தான், ரெஜிஷாவிடம் சொல்லவில்லை. ஜெபசீலன் வாங்கியது கொளச்சலில், முஹம்மது ஷரீஃப் என்கிற மெக்கானிக்கிடம், இப்போது அவர் இல்லை, வீட்டுக்காரம்மா கதீஜா உம்மாள் இருக்கிறார்…

இருந்து, ஆமாம் தம்பி, சவ வண்டிதான் என்று சொல்லிவிட்டால்? அப்படி ஒரு யோசனை வந்ததும் கால் தானாக ஆக்ஸிலரேட்டரை விட்டது. சொன்னால் சொல்லட்டும், வீட்டில் போய் வேறு சொல்லிக்கொள்ளலாம், யாருக்குத் தெரியப்போகிறது? அவனுக்குத் தெரியுமே. மகளைப் பின்னால் வைத்துக்கொண்டு ஓட்டும்போது அந்த உருளை அசைகிற சத்தம் அவனுக்குக் கேட்குமே. அப்படியானால் ஏன் போகிறாய், தெரியாமலே இருந்துவிட்டுப் போகலாமே… பெபிஷா ஒன்றும் சொல்லவில்லையே. அவளிடம் கேட்டானே, மக்கா, இந்த வண்டியில போலாமா என்று, சரிப்பா என்றாளே. அவள் எதற்கும் மறுத்துப் பேசியதே கிடையாது, மஸ்கட்டில் இருக்கும்போது வாரம்தோறும் பேசுவான், நல்லா படிக்கணும், சரிப்பா, அம்மாவுக்கு ஒத்தாசையா இருக்கணும், சரிப்பா, இந்த வருஷம் லீவு கிடைக்கல மக்கா, அடுத்த வருஷம் வருகேன், சரிப்பா. அதற்கு மேல் இரண்டு பேருக்கும் பேச்சு வராது, லைன் சரியில்லை என்று ஆளுக்கொரு தடவை சொல்லிவிட்டு வைத்துவிடுவார்கள். லைன் எப்போதும் நன்றாகத்தான் இருந்தது.

கொளச்சலில் பள்ளிவாசல் தெருவுக்குள் வண்டி திரும்பியதும் ஒரு அதிசயம் நடந்தது. கருங்கல் ஜங்ஷன் போல இல்லை, இங்கே யாரும் முறைத்துப் பார்க்கவில்லை, வயதானவர்கள் கடைகளிலிருந்து இறங்கி வந்து சொந்தக்காரனைப் பார்த்தது போலச் சிரித்தார்கள், ஒருவர் வண்டியின் மூக்கில் தட்டிக் கொடுத்தார், கேட்காமலே வீட்டைக் காட்டினார்கள். கதீஜா உம்மாள் முக்காட்டைச் சரிசெய்தபடி வாசலுக்கு வந்தவர், வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தார், கறுப்புப் பெயின்ட்டை நகத்தால் சுரண்டிப் பார்த்து, எவன் இதற்குக் கரி பூசினது, இது நல்ல பச்சையாயிருந்த வண்டி என்றார். ஷிபு மேட்டைத் தூக்கித் தண்டவாளத்தைக் காட்டினான், எங்க ஊருல ஒரு பேச்சு, என்று இழுத்து, மரித்தவங்களைக் கொண்டுபோன வண்டியா என்று ஒரு வழியாகக் கேட்டுவிட்டான்.

கதீஜா உம்மாள் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "மய்யத்தையா? மய்யத்த சந்தூக்குப் பெட்டியில வச்சித் தோளுலதான் கொண்டுபோவோம். வண்டியில ஏத்துகதுக்கு இங்க யாருக்கு மோனே தோள் இல்லாமப் போச்சி?"

பிறகு உட்கார வைத்துச் சொன்னார். மாப்பிள்ளை ஊர்வலத்துக்குச் செய்த வண்டி. ராத்திரியில் மாப்பிள்ளையை மாலையும் தலைப்பாகையுமாக உட்கார வைத்து, தெருத்தெருவாகச் சுற்றி, பெண் வீட்டு வாசலில் இறக்குவார்கள், மாடி ஜன்னல்களிலிருந்து பெண்கள் எட்டிப் பார்ப்பார்கள், அவர்களுக்கு மாப்பிள்ளை முகம் தெரிய வேண்டாமா, அதற்குத்தான் கூரையை அறுத்தது. தண்டவாளத்தில் மாப்பிள்ளை நாற்காலி நிற்கும், முன்னே தள்ளலாம், பின்னே தள்ளலாம், பூட்டிக்கொள்ளலாம். ஒரு தடவை தேங்காய்ப்பட்டணத்து மாப்பிள்ளை ஒருத்தன், ஆள் நல்ல கனம், நாற்காலி உருளையில் சிக்கிக்கொண்டது, கடைசியில் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போய்தான் நிக்காஹ் பண்ணி வைத்தார்கள், பாவம், அந்த மனுஷன் சாகிற வரைக்கும் நாற்காலி மாப்பிள்ளை என்றுதான் பேர். ஷிபு சிரித்தான். நெஞ்சில் ஏதோ இறங்கியது, இத்தனை நாள் அங்கே இருந்தது என்பதே இறங்கிய பிறகுதான் தெரிந்தது. அப்படியானால் இந்த எஞ்சின் எதற்கு உம்மா, இவ்வளவு பெரிய எஞ்சின், மட்கார்டு இல்லாமல், பக்கத் தகடு இல்லாமல், வேகமாக ஓடுவதற்குத்தானே என்று கேட்டான். வேகமா? கதீஜா உம்மாளுக்குச் சிரிப்பு. தப்பு மேளம் அடிக்கிறவனுக்குப் பின்னால் போகிற வண்டிக்கு வேகம் எதற்கு? ஆள் நடக்கிறதை விட மெதுவாகப் போக வேண்டும், அப்படிப் போனால் எஞ்சின் கொதிக்கும், அதற்குத்தான் காற்றுப் படட்டும் என்று தகடுகளைக் கழற்றியது, சீரியல் லைட் முழுக்க எரிய வேண்டும், கூட்டாளிகள் பத்துப் பேர் பின்னால் தொங்குவார்கள், அந்தப் பாரத்தில் நின்றுவிடக் கூடாது, அதற்குத்தான் பெரிய எஞ்சினும் பெரிய டயரும்.

ஷிபு எழுந்து போய் வண்டியைப் பார்த்தான். இத்தனை வருஷம் இந்த மாதிரி வண்டிகளைப் பிரித்துப் பூட்டியவன், ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்து இது பறப்பதற்குச் செய்தது என்று நினைத்தானே. எல்லாம் ஊர்ந்து போவதற்கு. எல்லா அடையாளமும் கண்முன்னே இருந்தது, ஒன்றைக்கூட அவன் தப்பாகப் பார்க்கவில்லை, ஆனால் மொத்தத்தையும் தப்பாகப் புரிந்துகொண்டான்… அப்படி வேறு எதையெல்லாம்? சேச்சே, இப்போது அதுவா பேச்சு, சவ வண்டி இல்லை, கல்யாண வண்டி, கல்யாணத்துக்கென்றே பிறந்த வண்டி, இதைவிட என்ன வேண்டும்? கதீஜா உம்மாள் பின்னாலிருந்து கேட்டார், உங்கள் பக்கத்தில் இதில் மாப்பிள்ளையா போகிறான், பெண்ணா? பெண்தான் என்றான், என் மகள், நான்தான் ஓட்டுகிறேன். அப்படியா, என்றவர் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, மகளுக்கு இந்த வண்டியில் ரொம்ப ஆசையோ என்று கேட்டார். ஆமாம் உம்மா என்று ஷிபு சொன்னான், சொன்ன பிறகு, அவள் எப்போது அப்படிச் சொன்னாள் என்று யோசித்துப் பார்த்தான், உடனே யோசிப்பதை நிறுத்திவிட்டான்.

தெருமுனையில் கடல் தெரிகிற இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு போனை எடுத்தான். ரெஜிஷா எடுப்பாள், எடுத்ததும் என்ன சொல்ல வேண்டும் என்று வரிசையாக மனதில் வைத்திருந்தான், கட்டுமரங்களுக்கு அப்பால் அலை வந்து வந்து போய்க்கொண்டிருந்தது, அவன் விரல்கள் ஸ்டீயரிங்கில் தாளம் போட்டன. பெபிஷாதான் எடுத்தாள், அம்மா குளிக்கிறாள் என்றாள். சரி, அவளிடமே சொல்லலாம், அவளுக்குத்தானே முதலில் தெரிய வேண்டும். மூச்சுவிடாமல் சொன்னான், தெரு முழுக்க வந்து கும்பிடாத குறை, மாப்பிள்ளை ஊர்வலம், பச்சைக் கலர், நாற்காலி மாப்பிள்ளை கதை, அவள் அந்தக் கதைக்குச் சிரிப்பாள் என்று நிறுத்தினான், சிரிப்பு வரவில்லை. கேக்குதா மக்கா? கேக்குப்பா. இதுவரை அந்த வண்டியில் ஒரு சவம் ஏறினது கிடையாது, அம்மாகிட்ட சொல்லு, இனி ஒரு தடையும் இல்லை, நாளைக்கே பெயின்ட் கடைக்குப் போய் வெள்ளை அடிக்கக் கொடுக்கிறேன், பூ ஜோடிக்கிற ஆளையும் வரச் சொல்கிறேன், என்றான். அந்தப் பக்கம் மிக்ஸி ஓடி நின்றது. அந்த அமைதி அவனுக்குப் பிடிக்கவில்லை, அதை எதையாவது போட்டு நிரப்ப வேண்டும் போலிருந்தது, சந்தோஷத்தில் வாய் கொஞ்சம் கூடுதலாகவே போய்விட்டது, உனக்க மாமனுக்கு என்ன தெரியும், தண்டவாளத்தைப் பார்த்ததும் சவ வண்டின்னு கிளப்பி விட்டுட்டான், அவனுக்குப் பொறாமை, வேற ஒண்ணும் இல்ல, வந்து அவன்கிட்ட நேர்லயே கேக்கப் போறேன் என்றான். ஒரு கதவு சாத்துகிற சத்தம் கேட்டது, அவள் அடுக்களையிலிருந்து வேறு அறைக்குப் போய்விட்டாள் போல, மூச்சு மட்டும் கேட்டது. லைன் சரியில்லையோ என்று சொல்ல வாயெடுத்தான்.

"மாமாவ ஒண்ணும் கேக்காதீங்கப்பா," என்றாள் பெபிஷா. "சவ வண்டின்னு அம்மாட்ட மொதல்ல சொன்னது நாந்தான்."